சீமைத்துளசி: இனங்காணலும் காலத்தே களைதலும்

நம் நாட்டின் ஊரகப் பொருளாதாரத்தில் பயிர் நிலத்திற்கு அடுத்த இடம் பெறுவது பொது நிலமாகும். மேய்ச்சல் தரை, காட்டின் ஓரம், குன்றின் அடிவாரம், ஏரிக்கரை, பாதையோரம் ஆகியவற்றை நம்பியே நிலமற்றோரும் சிறு விவசாயிகளும் ஆடு மாடு வளர்க்கின்றனர். விறகு, மூலிகை, கூரைப்புல் ஆகியனவும் இவர்களுக்கு இங்கிருந்தே கிடைக்கின்றன. இந்நிலங்களின் பரப்பு வருவாய்த்துறைப் பதிவேடுகளில் ஆண்டுதோறும் மாறாமல் நிற்கலாம். ஆனால் அப்பரப்பில் என்ன முளைக்கிறது என்பது மாறிவிட்டால், பதிவேட்டில் மேய்ச்சல் தரையாக உள்ள நிலம் கால்நடைக்குப் பயனற்ற தரையாகிவிடும். அயலிலிருந்து வந்து பரவும் களைகள் இத்தகைய மாற்றத்தை ஓசையின்றிச் செய்கின்றன.

இத்தகைய களைகளுள் ஒன்று, புதினாக் குடும்பத்தைச் சேர்ந்த ஓராண்டுச் செடியான சீமைத்துளசி. இதனைத் துளசி என்று எண்ணி விட்டுவைப்பதும், துளசியையோ பேய்மிரட்டியையோ இதுவென்று எண்ணிப் பிடுங்குவதும் நிகழக்கூடிய பிழைகளே. முதற்பிழை களையைப் பெருக்குகிறது. இரண்டாவது பிழை பயனுள்ள மூலிகையை அழிக்கிறது. இவ்விரண்டையும் தவிர்க்க, இச்செடியை ஐயமின்றி இனங்காணும் முறையை மாணவரும் களப்பணி அலுவலரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது. அவ்வாறு இனங்காண்பதற்கு உரிய காலம் எது என்பதும் இங்கு விளக்கப்படுகிறது.

பெயரும் பிறப்பிடமும்

இச்செடியின் பிறப்பிடம் வெப்பமண்டல அமெரிக்கா. 1759-ஆம் ஆண்டில் லின்னேயஸ் இதற்குப் பலோட்டா சுவாவியோலென்ஸ் என்று பெயரிட்டார். 1806-இல் பிரெஞ்சுத் தாவரவியலார் புவாத்தோ இதனை ஹிப்டிஸ் என்னும் பேரினத்தில் சேர்த்தார். ஹிப்டிஸ் சுவாவியோலென்ஸ் என்ற அப்பெயரே இரண்டு நூற்றாண்டுகளாக நூல்களில் வழங்கி வந்தது. 2012-இல் வெளியான வகைப்பாட்டுத் திருத்தத்திற்குப் பின் மீசோஸ்ஃபேரம் சுவாவியோலென்ஸ் என்ற பெயர் ஏற்கப்பட்டுள்ளது. பழைய நூல்களையும் புதிய ஆய்வுகளையும் ஒருங்கே பயிலும் மாணவர், இவ்விரு பெயர்களும் ஒரே செடியைக் குறிப்பன என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். சுவாவியோலென்ஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு நறுமணமுடையது என்று பொருள்.

இச்செடி இந்தியாவிற்குப் புதிதாக வந்ததன்று. ஜோசப் ஹூக்கர் தொகுத்த பிரிட்டிஷ் இந்தியாவின் தாவரவளம் என்னும் பெருநூலின் நான்காம் தொகுதியிலேயே இது இடம்பெற்றுள்ளது. அத்தொகுதி 1885-இல் நிறைவுற்றது. எனவே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இது நம் நாட்டில் வேரூன்றிவிட்டது எனலாம். இன்று தக்காணப் பீடபூமி, விந்திய மேட்டு நிலம், வடகிழக்குப் பகுதிகள், அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் எனப் பல இடங்களில் இது காணப்படுகிறது. விந்திய மேட்டு நிலத்தின் வறண்ட இலையுதிர் காடுகளில் இது வேகமாகப் பரவி வருவதை இந்நூற்றாண்டில் வெளியான ஆய்வுகள் சுட்டிக்காட்டின. இருப்புப்பாதை ஓரம், சாலை ஓரம், கற்பாங்கான தரிசு, மரம் வெட்டப்பட்ட காட்டுவெளி ஆகியவை இதற்கு உகந்த இடங்கள்.

இந்தி வழங்கும் பகுதிகளில் இதற்கு விலாயத்தி துளசி என்று பெயர். தமிழில் சீமைக் கருவேல் என்பதில் வரும் சீமை என்ற அடைமொழி உணர்த்தும் பொருளையே விலாயத்தி என்ற சொல்லும் உணர்த்துகிறது. இச்செடி அயலானது என்பதை மக்கள் வழக்கு சரியாகவே குறித்து வைத்துள்ளது. ஆயினும் துளசி என்ற பின்பாதி குழப்பத்திற்கு இடமளிக்கிறது. துளசி வழிபாட்டிற்குரியது, அப்பெயர் தாங்கிய செடியைப் பிடுங்க மனம் தயங்குவது இயல்பு. எனவே பெயரைக் கொண்டு முடிவு செய்யாமல், உறுப்புகளைக் கண்டு முடிவு செய்ய வேண்டும்.

அயல் தாவரம், ஊடுருவும் தாவரம்

இங்கு ஒரு விளக்கம் தேவை. அயலிலிருந்து வந்த தாவரம் அனைத்தும் தீங்கானதன்று. மிளகாய், மக்காச்சோளம், நிலக்கடலை, மரவள்ளி ஆகிய அனைத்தும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. மனிதரின் செயலால் தன் இயற்கை எல்லைக்கு அப்பால் கொண்டுவரப்பட்டது அயல் தாவரம். மனித உதவியின்றித் தானே முளைத்துத் தலைமுறை தலைமுறையாக நிலைபெறுவது நிலைத்த அயல் தாவரம். அவ்வாறு நிலைத்ததோடு விரைந்து பரவி, உள்ளூர் உயிரினங்களுக்கும் மக்கள் வாழ்க்கைக்கும் கேடு விளைவிப்பதே ஊடுருவும் அயல் தாவரம். சீமைத்துளசி இம்மூன்றாம் நிலையை எட்டிய ஒன்று.

2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் உயிரியற் பன்மை பற்றிய பன்னாட்டு அரசுகளின் அறிவியல் மன்றம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மனிதரால் புதிய இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டு நிலைபெற்ற உயிரினங்கள் 37,000-க்கு மேற்பட்டவை. அவற்றுள் தீங்கு விளைவிப்பன 3,500-க்கு மேற்பட்டவை. இவற்றால் உலகப் பொருளாதாரத்திற்கு 2019-ஆம் ஆண்டில் மட்டும் ஏற்பட்ட இழப்பு 42,300 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் என அம்மதிப்பீடு கணக்கிட்டது. பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான உயிரினங்களே தீங்கானவை என்பதால், எது அத்தகையது என்று பிரித்தறிவதே முதற்பணியாகிறது.

புதினாக் குடும்பத்தின் பொது அடையாளங்கள்

இனங்காணலில் முதலில் குடும்பத்தையும், பின்னர் இனத்தையும் காண்பதே முறை. லேமியேசி எனப்படும் புதினாக் குடும்பம் பழைய நூல்களில் லேபியேட்டே என்ற பெயரில் காணப்படும். துளசி, புதினா, தும்பை, கற்பூரவல்லி ஆகியன இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இதன் செடிகளில் பெரும்பாலும் காணப்படும் பொது அடையாளங்கள் ஐந்து.

முதலாவது, தண்டு நாற்சதுரமாக இருக்கும். விரல்களிடையே உருட்டினால் நான்கு விளிம்புகளும் உணரப்படும். இரண்டாவது, இலைகள் கணுதோறும் இரண்டிரண்டாக எதிரெதிரே அமையும். ஒரு கணுவின் இணை அடுத்த கணுவின் இணைக்குக் குறுக்காக நிற்கும். மூன்றாவது, இலையைக் கசக்கினால் மணம் எழும். நான்காவது, பூவின் அல்லிவட்டம் மேலுதடு, கீழுதடு என இரண்டாகப் பிரிந்திருக்கும். ஐந்தாவது, புல்லிவட்டத்தின் அடியில் நான்கு சிறு கொட்டைகள் உருவாகும். சிலவற்றில் அவை குறைந்தும் இருக்கும்.

இவற்றுள் ஒன்றை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது. உண்ணிச்செடிக்கும் சதுரத் தண்டும் எதிரிலையும் கடுமணமும் உண்டு. ஆனால் அது வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுப் புதர், தண்டில் பெரும்பாலும் முள் இருக்கும், பழம் சதைப்பற்றுடையது. பார்த்தீனியத்தின் முதிர்ந்த தண்டில் இலைகள் மாறி மாறி அமைவதால், அதனைத் தொலைவிலேயே விலக்கிவிடலாம்.

சீமைத்துளசியின் தனி அடையாளங்கள்

சீமைத்துளசி நிமிர்ந்து வளரும் ஓராண்டுச் செடி. ஏறத்தாழ அரை மீட்டர் முதல் 2 மீட்டர் உயரம் வரை வளரும். சதுரத் தண்டின் மேல் நீண்ட மயிர்கள் விரிந்து நிற்பதால் தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். இலைகள் முட்டை வடிவின. அடிப்பகுதி அகன்றும் நுனி கூர்மையாகவும் இருக்கும். ஓரம் சிறு பற்களை உடையது. இலையின் நீளம் பெரும்பாலும் 3 முதல் 10 சென்டிமீட்டர் வரை இருக்கும். இலைக்காம்பு தெளிவாகத் தெரியும். இலையின் இருபுறமும் மயிர் உண்டு. கசக்கினால் புதினாவை நினைவூட்டும் கடுமையான மணம் எழும்.

பூக்கள் சிறியவை, வெளிர் நீலம் அல்லது ஊதா நிறமுடையவை. இவை இலைக் கக்கங்களிலிருந்து எழும் குட்டையான காம்புகளில் இரண்டு முதல் ஐந்து வரை கொத்தாகத் தோன்றும். கீழுதட்டின் நடுப்பகுதி சிறு பை போன்றது; மகரந்தத் தாள்கள் அதனுள் அடங்கியிருக்கும். பூச்சி வந்து அமர்ந்தவுடன் அப்பை சட்டெனப் பின்புறம் மடங்கி, மகரந்தத்தைப் பூச்சியின் உடலில் தெறிக்கும். பின்புறம் திரும்பியது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்தே ஹிப்டிஸ் என்ற பெயர் பிறந்தது.

எனினும் இனங்காணலுக்கு மிக உறுதியான சான்று தருவது பூவன்று, புல்லிவட்டமே. பூவின்போது ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளமுள்ள புல்லிவட்டம், காயின்போது வளர்ந்து 10 மில்லிமீட்டர் அளவை அடையும். அதன் புறத்தே பத்து நரம்புகள் நீளவாட்டில் புடைத்து நிற்கும். வாயில் ஐந்து பற்கள் உண்டு. ஐந்தும் ஒத்த அளவின. ஒவ்வொன்றும் ஊசிபோல் நீண்டு விறைத்திருக்கும். உள்ளே பொதுவாக இரண்டு கொட்டைகளே முதிர்கின்றன. அவை தட்டையானவை, 3 முதல் 4 மில்லிமீட்டர் நீளமுடையவை, கரும்பழுப்பு நிறத்தவை. நீரில் இட்டால் சில நிமிடங்களில் அவற்றைச் சுற்றி வெண்ணிறக் கூழ்ப்படலம் உருவாகும்.

விதை பரவும் முறையும் இவ்வமைப்பிலிருந்தே விளங்கும். ஊசிப்பற்களை உடைய புல்லிவட்டம் ஆட்டு உரோமத்திலும் மனிதர் உடையிலும் ஒட்டிக்கொள்கிறது. நனைந்த விதை குளம்பிலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டி ஊர் கடக்கிறது. சாலைப் பணிக்கு அள்ளிச் செல்லப்படும் மண்ணோடும் இது பயணம் செய்ய இயலும்.

ஒத்த தோற்றமுள்ள செடிகள்

துளசியிலும் அதன் இனச்செடிகளான திருநீற்றுப் பச்சை, நாய்த்துளசி முதலியவற்றிலும் பூக்கள் கிளை நுனியில் கதிராக நீண்டு, அடுக்கடுக்கான வட்டங்களில் அமையும். சீமைத்துளசியில் அவை இலைக் கக்கங்களில் தோன்றும். துளசி இனங்களின் புல்லிவட்டம் ஈருதடு உடையது, மேற்பல் அகன்று வட்டமாகத் தொப்பிபோல் கவிந்திருக்கும், கீழ்ப்பற்கள் சிறுத்திருக்கும். ஐந்து சம ஊசிகள் துளசியில் ஒருபோதும் இல்லை. துளசி இனங்களில் பொதுவாக நான்கு சிறு கொட்டைகள் உருவாகும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. சப்ஜா என்ற பெயரில் கடைகளில் விற்கப்படும் திருநீற்றுப் பச்சை விதையும் நீரில் கூழ்ப்படலம் கொள்ளும். ஆகவே நீர்ச்சோதனை மட்டும் போதாது. விதையின் அளவையும் நோக்க வேண்டும். சப்ஜா ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளமுள்ளது. சீமைத்துளசி விதை அதனினும் பெரியது, தட்டையானது.

பேய்மிரட்டியின் இலைகள் தடித்து, நீண்டு, சாம்பல் நிறப் பஞ்சு போர்த்தவைபோல் மென்மையாக இருக்கும். அதன் புல்லிவட்டத்திலும் ஐந்து நீண்ட பற்கள் உண்டாயினும், அவை மென்மயிர் போர்த்தவை. ஊசிபோல் குத்துவன அல்ல. மகரந்தத் தாள்கள் மேலுதட்டின் பக்கமாக நிமிர்ந்து நிற்கும். சீமைத்துளசியில் அவை கீழுதட்டின்மேல் சாய்ந்திருக்கும். துளசியிலும் அவ்வாறே சாய்ந்திருப்பதால், இந்த வேறுபாடு பேய்மிரட்டியை விலக்க மட்டுமே உதவும்.

தும்பை தாழ்ந்து வளர்வது, இலை குறுகி நீண்டது, பூ வெண்மையானது. அதனை ஐயுற இடமில்லை. வெப்பமண்டல ஆப்பிரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய லியோனோடிஸ் என்னும் உயரமான செடியும் முட்பற்களைக் கொண்டதே. ஆனால் அதன் பூக்கள் செம்மஞ்சள் நிறத்தவை. தண்டைச் சுற்றிப் பெரிய உருண்டைகளாக அமைபவை. பற்கள் ஒத்த அளவின அல்ல.

செடியின் பருவமும் பணியின் பருவமும்

இதுவரை கூறப்பட்ட உறுதியான அடையாளங்கள் பூவையும் காயையும் சார்ந்தவை. தாவரவியல் நூல்களும் பெரும்பாலும் அவ்வாறே கற்பிக்கின்றன. நிர்வாக நோக்கில் எழும் சிக்கல் இங்கேயே தொடங்குகிறது.

தென்மேற்குப் பருவமழையை நம்பிய மத்திய இந்தியப் பகுதிகளில் இச்செடி முதல் மழையில் முளைத்து, மழைக்காலம் முழுவதும் வளர்ந்து, மழை ஓயும் தறுவாயில் பூக்கத் தொடங்குகிறது. குளிர்காலத்தில் விதை முதிர்ந்து செடி காய்கிறது. கோடையில் எஞ்சுவது காய்ந்த குச்சியே. ஆனால் ஊரகப் பணிகளின் பருவம் இதற்கு நேர்மாறானது. மழைக்காலத்தில் உழவுப் பணி மிகுதி; பொதுப்பணிக்கு ஆள் கிடைப்பது அரிது. வயல் வேலை ஓய்ந்த கோடையிலேயே மக்கள் பொதுப்பணி வேலையை நாடுகின்றனர். நிதியாண்டு மார்ச்சில் முடிவடைவதால், ஒதுக்கப்பட்ட தொகையைச் செலவிடும் முனைப்பும் அதற்கு முந்தைய மாதங்களிலேயே மிகுகிறது.

இதன் விளைவு யாதெனில், களை அகற்றும் பணி விதை உதிர்ந்த பிறகு நடைபெறுகிறது. அப்போது வெட்டப்படுவது ஏற்கெனவே இறந்துபோன செடி. கூலி கொடுக்கப்படுகிறது, பணி முடிந்ததாக ஏட்டில் பதியப்படுகிறது, நிலமும் சில வாரங்கள் தூய்மையாகத் தோன்றுகிறது. அடுத்த மழையில் மண்ணிலுள்ள விதைகள் முன்போலவே முளைக்கின்றன. விதை முதிர்ந்த செடிகளைக் கட்டித் தூக்கிச் செல்லும்போது வழியெங்கும் விதை சிந்துமாதலால், பணியே பரவலுக்குக் காரணமாவதும் உண்டு.

ஆகவே இக்களையைப் பூப்பதற்கு முன்பே, மழைக்காலத்தின் முற்பாதியில் இனங்காண வேண்டும். பூவும் காயும் இல்லாத அக்காலத்தில் அதனை எவ்வாறு உறுதிப்படுத்துவது என்பதே களப்பணியாளரின் வினா.

பூக்குமுன் இனங்காணும் முறை

இதற்கு எளிய விடை ஒன்று உண்டு. முந்தைய ஆண்டின் காய்ந்த செடிகள் எரிந்தோ ஒடிந்தோ போகாத இடங்களில், அடுத்த மழைக்காலம் வரையிலும் குச்சிகளாக நிற்கின்றன. புல்லிவட்டங்களும் அவற்றில் ஒட்டியிருக்கக் காணலாம். இளஞ்செடியைக் காட்டித் தருவது அதன் அருகே நிற்கும் சென்ற ஆண்டுச் செடியே. இதனை நான்கு படிகளாகச் செய்யலாம்.

முதற்படியை மழைக்கு முன், கோடையிலேயே முடித்துவிட வேண்டும். பொது நிலத்தைச் சுற்றிவந்து, சதுரத் தண்டுடன் கூடிய காய்ந்த செடிகள் நிற்கும் இடங்களை ஊர் வரைபடத்தில் குறித்தல் வேண்டும். இரண்டாம் படியில், அச்செடிகளின் புல்லிவட்டத்தை எடுத்து ஐந்து சம ஊசிப்பற்களும் பத்து நரம்புகளும் உள்ளனவா என நோக்கி, உதிராமல் எஞ்சிய தட்டையான விதை இருப்பின் நீரிலிட்டுச் சோதித்தல் வேண்டும். மூன்றாம் படியில், மழை தொடங்கிய சில வாரங்களில் குறிக்கப்பட்ட அதே இடங்களுக்குச் சென்று, சதுரத் தண்டு, எதிரிலை, இருபுறமும் மயிருள்ள முட்டை வடிவ இலை, கடுமணம் ஆகிய நான்கும் ஒருங்கே பொருந்தும் இளஞ்செடிகளைக் காணல் வேண்டும். நான்காம் படியில், ஐயத்திற்கிடமான இடத்தில் நான்கைந்து செடிகளை மட்டும் அடையாளமிட்டு விட்டுவைத்து, அவை அரும்பியவுடன் சரிபார்த்து, காய்க்குமுன் அகற்றிவிட வேண்டும்.

இளஞ்செடியை ஈரமண்ணிலிருந்து வேரோடு பிடுங்குதல் எளிது. தரைக்கு மேல் வெட்டினால் அடித்தண்டு மீண்டும் துளிர்க்கக்கூடும். மண்ணில் உறங்கும் விதைகள் அனைத்தும் ஒரே ஆண்டில் முளைத்துவிடா. எனவே பிடுங்கிய இடத்தைத் தொடர்ந்து சில ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும். வெற்றிடத்தில் உள்ளூர்ப் புல் விதைத்துத் தரையை மூடுதலும் தேவை. திறந்த வெளியும் வெயிலும் இக்களைக்கு மிக உகந்தவை.

காலத்தாழ்வின் விலை

காலத்தாழ்வு செலவை எவ்வாறு பெருக்குகிறது என்பதை விளக்கக் கற்பனையான கணக்கு ஒன்றைக் காண்போம். ஓர் ஊரின் மேய்ச்சல் தரை 40 ஹெக்டேர் எனவும், அதில் 2 ஹெக்டேரில் களை உள்ளது எனவும், ஒரு ஹெக்டேரைத் தூய்மை செய்ய 15 ஆள்நாள் வேண்டும் எனவும் கொள்வோம். பூக்குமுன் பிடுங்கினால் முதலாண்டில் 30 ஆள்நாள், எஞ்சிய விதையில் முளைப்பவற்றை அகற்ற அடுத்த இரு ஆண்டுகளில் முறையே 10, 5 ஆள்நாள் என மொத்தம் 45 ஆள்நாள் ஆகும். மூன்றாண்டுகள் தாழ்த்தினால், பரப்பு ஆண்டுதோறும் இருமடங்காகுமெனக் கொண்டால், 2 ஹெக்டேர் 16 ஹெக்டேராகும். அதே விகிதத்தில் அப்போது தேவைப்படுவது 360 ஆள்நாள். அதாவது எட்டு மடங்கு. இடைப்பட்ட ஆண்டுகளில் இழந்த தீவனம் இக்கணக்கில் சேராது.

இனி, ஆண்டுதோறும் 30 ஆள்நாள் செலவிட்டும், விதை உதிர்ந்தபின் செலவிட்டால் என்ன நேரும்? பரப்பு அதே வேகத்தில் பெருகும். செலவிட்ட கூலியும் பயனற்றதாகும். ஒரே தொகை ஆகஸ்டில் முதலீடாகவும் மார்ச்சில் வீண்செலவாகவும் அமைகிறது. திட்டப்பணிகளைச் செலவிட்ட தொகையைக் கொண்டு மட்டும் மதிப்பிடும் வழக்கத்தில் இவ்வேறுபாடு வெளிப்படாது.

இழப்பைத் தாங்குவோர் யார் என்பதும் எண்ணத்தக்கது. கடுமணம் காரணமாகக் கால்நடைகள் இச்செடியைப் பெரும்பாலும் தவிர்க்கின்றன. எஞ்சிய நல்ல புல்லை மேலும் கடிக்கின்றன. இதனால் புல் தளர, களை வலுப்பெறுகிறது. சொந்த நிலத்தில் தீவனம் விளைவிக்க இயன்றவருக்கு இது சிறு தொல்லை. நான்கு ஆடுகளைப் பொதுத்தரையில் மேய்த்துப் பிழைக்கும் குடும்பத்திற்கு இது பெரும் இழப்பு. மேலும், விதையைக் கொண்டுவந்த வண்டியும் சாலைப்பணியும் எங்கோ உள்ளன. இழப்பு இங்கே நேர்கிறது. பொருளியலார் புறவிளைவு என்று கூறுவது இதுவே. ஓர் ஊர் களைய, அடுத்த ஊர் வாளாவிருந்தால் பயன் நில்லாது. ஆகவே தனி ஊரை அலகாகக் கொள்ளாமல், ஒரே மந்தை மேயும் பரப்பையோ ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியையோ அலகாகக் கொள்ளுதல் பொருந்தும்.

பயனும் எச்சரிக்கையும்

இச்செடிக்குப் பயனே இல்லை என்று கூறுவதற்கில்லை. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் இதன் விதையை நீரில் ஊறவைத்து, சான் என்ற பெயரில் பானமாக அருந்துகின்றனர். மேற்கு ஆப்பிரிக்காவில் கொசுவை விரட்ட இதன் தழையை வீட்டில் வைப்பதும் புகையிடுவதும் உண்டு. சேமித்த பயறு வகைகளைப் பூச்சியிலிருந்து காக்கவும் பயன்படுத்துகின்றனர். இலையிலிருந்து மணமுள்ள எண்ணெய் கிடைக்கிறது.

பிடுங்கிய இளஞ்செடியை இத்தகைய வழிகளில் பயன்படுத்துவதால் கூலியின் ஒரு பகுதி மீளக்கூடும். ஆயின் விற்பனை வாய்ப்பு நிலைபெற்றுவிட்டால், களையை விட்டுவைப்பதே சிலருக்கு ஆதாயமாகிவிடும். எனவே பயன்பாடு அகற்றும் பணிக்குத் துணையாக அமைய வேண்டுமேயன்றி, பயிரிடுவதற்குக் காரணமாகிவிடக் கூடாது.

சட்டமும் அமைப்புகளும்

2002-ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டம் உள்ளாட்சிகள்தோறும் பன்மை மேலாண்மைக் குழுக்களை அமைக்க வழிசெய்தது. மக்கள் உயிரியற் பன்மைப் பதிவேடு தயாரித்தல் அக்குழுக்களின் முதன்மைப் பணி. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சமூக வன வளங்களைக் காக்கவும் மீட்கவும் அவற்றைச் சார்ந்து வாழும் மக்களுக்கு உரிமை அளித்தது. 2022-ஆம் ஆண்டில் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், ஊடுருவும் அயல் உயிரினம் என்பதற்கு முதன்முறையாக அச்சட்டத்தில் இலக்கணம் வகுத்து, அவற்றின் இறக்குமதி, வணிகம், பெருக்கம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் அளித்தது. 2022 டிசம்பரில் ஏற்கப்பட்ட குன்மிங்–மாண்ட்ரியல் உலகளாவிய உயிரியற் பன்மைச் செயற்திட்டத்தின் ஆறாம் இலக்கு, இத்தகைய உயிரினங்கள் புதிதாக நுழைந்து நிலைபெறும் வேகத்தை 2030-க்குள் குறைந்தது பாதியாகக் குறைக்கக் கோருகிறது.

இவையனைத்தும் பயன்தர வேண்டுமாயின், ஊர்ப் பதிவேட்டில் செடியின் பெயர் சரியாக எழுதப்பட வேண்டும். பதிவேட்டில் காட்டுத்துளசி என்று மட்டும் எழுதினால், அது பாதுகாக்க வேண்டிய மூலிகையா, அகற்ற வேண்டிய களையா என்பது அடுத்து வரும் அலுவலருக்கு விளங்காது. உள்ளூர்ப் பெயருடன் தாவரவியல் பெயரையும் எழுதி, காய்ந்த புல்லிவட்டம் ஒன்றையும் விதைகள் சிலவற்றையும் மூடிய உறையில் இணைத்து வைத்தல் நன்று.

செய்யத்தக்கன

மேற்கூறியவற்றிலிருந்து நிர்வாகம் மேற்கொள்ளத்தக்க செயல்கள் சில தெளிவாகின்றன. கோடையில் கிடைக்கும் ஆட்பலத்தை வெட்டும் பணிக்குப் பயன்படுத்தாமல், களையுள்ள இடங்களைக் குறிக்கும் பணிக்கும் புல் விதை சேகரிக்கும் பணிக்கும் பயன்படுத்தலாம். பிடுங்கும் பணிக்கென ஒரு சிறு தொகையை மழைக்காலத்திற்கு ஒதுக்கி வைக்கலாம். நடவுக்கும் களையெடுப்புக்கும் இடையே வயல் வேலை சற்றுக் குறையும் சில நாட்கள் இதற்குப் போதுமானவை. சாலை, இருப்புப்பாதைப் பணிகளுக்கு மண் எடுக்குமுன் அந்த இடத்தைப் பார்வையிடுதல் வழக்கமாக வேண்டும். பணியின் வெற்றியைச் செலவிட்ட ஆள்நாளைக் கொண்டு அளவிடாமல், அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் முளைத்த செடிகளின் எண்ணிக்கையைக் கொண்டு அளவிட வேண்டும்.

பார்த்தீனியம் 1950-களின் நடுவில் புனே பகுதியில் கவனிக்கப்பட்டபோது, அது குறைந்த பரப்பிற்குரிய செய்தியாகவே இருந்தது. இன்று அது நாட்டின் பெரும்பகுதியில் காணப்படுகிறது. அதனைக் கட்டுப்படுத்த மெக்சிகோவிலிருந்து 1983-இல் வண்டினம் ஒன்றைத் தருவிக்க வேண்டியதாயிற்று. தொடக்கத்தில் சிறிதாகத் தோன்றும் களையே பின்னர்ப் பெருஞ்செலவு கோருகிறது என்பதற்கு இது சான்று.

சீமைத்துளசி இன்னும் எட்டாத மேய்ச்சல் தரைகளும் காட்டோரங்களும் நம் நாட்டில் பல உள்ளன. அங்கு முதன்முதலாக முளைக்கும் செடியைக் காணப்போகிறவர் ஆடு மேய்ப்பவராகவோ, பள்ளி மாணவராகவோ, ஊராட்சிச் செயலராகவோ இருக்கலாம். ஐந்து ஊசிப்பற்களை உடைய அப்புல்லிவட்டத்தை அவர் அறிந்திருந்தால், மறுநாள் காலையில் ஒருவர் கையாலேயே பணி முடிந்துவிடும்.